நின்றவரும் நிறுத்தப்பட்டவரும்: இழப்பீடு பெறும் தொழிலாளி வேலையை விட்டபோது

1924 ஜூலை 1 அன்று தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. வேலையின்போது விபத்தில் காயமுற்றவருக்கு முதலாளி பணம் தர வேண்டும் என்பதை உரிமையாக ஏற்ற முதல் இந்தியச் சட்டம் இதுவே. 1926 ஏப்ரல் 1 அன்று, 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் ஒழிந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கி, நீதிபதியின் ஆணைக்குப் பணியாதவரை மூன்று மாதம் வரை சிறைக்கு அனுப்பிய சட்டம் அது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் இருபத்தொரு மாதங்கள் உள்ளன. அந்த இருபத்தொரு மாதமும் இந்தியத் தொழிலாளி இரண்டு சட்டங்களின் கீழும் வாழ்ந்தார். ஒரு சட்டம் அவர் கை நசுங்கினால் பணம் தரச் சொன்னது. மற்றொன்று அவர் கால் வாசலைத் தாண்டினால் பிடித்துவரச் சொன்னது.

தொழிலாளர் வரலாற்று நூல்கள் இவ்விரு சட்டங்களையும் பெரும்பாலும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. ஒப்பந்த மீறல் சட்டம் ‘கட்டாய உழைப்பு’ என்ற தலைப்பிலும் இழப்பீட்டுச் சட்டம் ‘சமூகப் பாதுகாப்பு’ என்ற தலைப்பிலும் அடங்கிவிடுகின்றன. சேர்த்துப் படித்தால்தான் ஒரு கேள்வி எழும்: இழப்பீடு பெற்றுக்கொண்டிருக்கும் தொழிலாளி வேலையை விட்டுவிட்டால் அந்தப் பணம் என்னவாகும்? இன்றும் தொழிற்சங்க அலுவலகங்களில் கேட்கப்படும் கேள்விதான் இது. இதற்கான விடையை நூறாண்டுச் சட்டமொழிக்குள் தேட வேண்டியிருக்கிறது; சட்டம் சொன்னது ஒன்று, அதைச் சுற்றியிருந்த வாழ்க்கை செய்தது வேறொன்று.

முதலில் 1859. கல்கத்தாவின் ஐரோப்பிய வணிகர்களும் தொழில்முனைவோரும் கேட்டுப் பெற்ற சட்டம் அது. கைவினைஞரோ கூலித்தொழிலாளியோ முன்பணம் பெற்றுக்கொண்டு, நியாயமான காரணமின்றி வேலை செய்ய மறுத்தால் முதலாளி நீதிபதியிடம் முறையிடலாம். பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடித்துக் கொடுக்கவோ நீதிபதி ஆணையிடுவார். இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாளிக்கே இருந்தது. பெருநகரங்களுக்கென இயற்றப்பட்ட இச்சட்டம் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் அதன் பயன்பாடு மிகுதி. உடன்படிக்கையை மீறுவது உரிமையியல் வழக்கு என்பது பொது விதி. கூலிக்காரர் மீறினால் மட்டும் அது குற்றவியல் வழக்கு. ‘நியாயமான காரணம்’ என்ற சொல்லுக்குள் உடற்காயம் அடங்குமா என்பது அந்தந்த நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது. 1921 மே மாதம் சர்கோலாப் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பம் குடும்பமாக நடந்து வெளியேறி, சாந்த்பூர் ரயில் நிலையத்தில் கூர்க்காப் படையினரின் தாக்குதலுக்கு ஆளானார்கள். அந்த வெளியேற்றத்தின் அரசியல் கனத்தை உணர இந்தப் பின்னணி வேண்டும். அங்கே வேலையை விட்டுப் போவதே கலகமாகக் கருதப்பட்டது.

மறுபுறம், 1923க்கு முன் காயமுற்றவருக்கு என்ன இருந்தது? 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டம் ஒன்று இருந்தது. பிறருடைய தவறால் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் வழக்குத் தொடரலாம். தவறை மெய்ப்பிக்க வேண்டிய சுமை குடும்பத்தின் மீது. ஆங்கிலேயப் பொதுச் சட்டம் முதலாளிகளுக்கு வசதியான மூன்று கேடயங்களை வளர்த்து வைத்திருந்தது: உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பல்லர், ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தவர் புகார் சொல்ல முடியாது, காயமுற்றவரின் பிழையும் சிறிது கலந்திருந்தால் எதுவும் கிடையாது. ஜெர்மனி 1884இலும் பிரிட்டன் 1897இலும் இந்தக் கோட்பாட்டைச் சுற்றிக்கொண்டு வேறு வழி கண்டன. யார் தவறு என்ற கேள்வியை ஓரங்கட்டி, ‘வேலையிலிருந்து எழுந்த விபத்தா, வேலையின் ஊடே நிகழ்ந்ததா’ என்று மட்டும் கேட்டன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் (1919) அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசும் (1920) தோன்றிய சூழலில் இந்தியாவும் அந்த வழிக்கு வந்தது.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மாதம் 30 ரூபாய் கூலி பெறும் ஓர் ஆலைத் தொழிலாளி. விபத்தில் இறந்தால் 30 மாதக் கூலி, அதாவது 900 ரூபாய் (உச்சவரம்பு 2,500). முழுமையாகவும் நிரந்தரமாகவும் உழைப்புத் திறனை இழந்தால் 42 மாதக் கூலி, 1,260 ரூபாய் (உச்சவரம்பு 3,500). தற்காலிக இயலாமைக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை மாதக் கூலியில் நான்கில் ஒரு பங்கு: ஏழரை ரூபாய். சுருங்கச் சொன்னால் அரைக் கூலி. ஆனால் அதுவும் உடனே கைக்கு வராது. பத்து நாள் காத்திருப்புக் காலம். அது முடிந்து பதினாறாம் நாள்தான் முதல் தவணை. காயம்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் இருபத்தாறாம் நாளில் ஏழரை ரூபாய்.

இந்த இருபத்தாறு நாளை நினைவில் வைத்துக்கொண்டு சட்டத்தின் 4ஆவது பிரிவுக்கு வர வேண்டும். அரைமாதத் தொகை எப்போது நிற்கும்? இயலாமை தீரும்போது, அல்லது ஐந்து ஆண்டு முடியும்போது, இவற்றில் எது முந்தியோ அது. தவணை நாளுக்கு முன்பே இயலாமை தீர்ந்துவிட்டால் அதுவரையிலான நாள்களுக்கு விகிதாச்சாரப்படி தர வேண்டும் என்கிறது ஒரு துணைப்பிரிவு. ‘தீர்தல்’ என்ற வினைக்கு எழுவாய் எது என்பதே இங்கு முக்கியம். எழுவாய் இயலாமை, வேலை அன்று. வேலை முடிந்தால் தொகை முடியும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பொறுப்பு பிறப்பது விபத்து நிகழ்ந்த கணத்தில். அந்தக் கணத்தில் அவர் வேலையில் இருந்தாரா என்பதே கேள்வி. மறுநாள் இருந்தாரா, மறுமாதம் இருந்தாரா என்பது கேள்வியே அல்ல. 1975இல் உச்ச நீதிமன்றம் ஒடிசாவைச் சேர்ந்த ஒரு தச்சரின் வழக்கில், இழப்பீடு விபத்து நாளன்றே கடனாகிவிடுகிறது, ஆணையர் தீர்ப்பளிக்கும் நாளில் அன்று என்று தெளிவாக்கியது. இடக்கை துண்டிக்கப்பட்ட தச்சருக்கு மிச்சமிருக்கும் ஒற்றைக் கையால் தச்சுவேலை இல்லை. ஆகவே இழப்பு முழுமையானது என்பதும் அதே தீர்ப்பு.

வேலையை விட்டவர் வேறிடத்தில் சம்பாதிக்கத் தொடங்கினால் நிலைமை சற்று மாறும். விபத்துக்கு முன்பிருந்த கூலியில் பாதிக்கும், பின்பு பெறும் கூலியில் பாதிக்கும் உள்ள வேறுபாட்டைத் தாண்டி அரைமாதத் தொகை போகக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. இதுவும் சம்பாத்தியத்தை அளக்கிறதே தவிர, யாரிடம் சம்பாதிக்கிறார் என்று கேட்கவில்லை. பழைய முதலாளியிடம் இலகுவான வேலைக்குத் திரும்பினாலும், ஊரில் பெட்டிக்கடை வைத்தவரிடம் கணக்கெழுதினாலும் கணக்கு ஒன்றே.

இன்னும் வியப்பானது 9ஆவது பிரிவு. இழப்பீட்டுத் தொகையை அடகு வைக்க முடியாது, பிறருக்கு மாற்ற முடியாது, கடனுக்காகப் பற்றுகை செய்ய முடியாது. எந்தக் கோரிக்கைக்கும் ஈடாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. கடைசித் தொடர் யாரை நோக்கியது என்பதை 1859ஐ அறிந்தவர் உடனே காண்பார். முன்பணம் கொடுத்த முதலாளி ‘பாக்கியைக் கழித்துக்கொண்டேன்’ என்று சொல்ல வழியில்லை. 17ஆவது பிரிவு ஒருபடி மேலே சென்று, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதித் தரும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது. வேலையை விடும்போது ‘இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று கைநாட்டு வைத்துப் போனாலும் அந்தத் தாள் வெறும் தாள்.

இவ்வளவு தெளிவாக வேலையையும் உரிமையையும் பிரித்து வைத்த சட்டத்தில் ‘விட்டுப் போதல்’ என்ற வினை ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. அது 11ஆவது பிரிவு. விபத்துச் செய்தி கிடைத்த மூன்று நாளுக்குள் முதலாளி தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் தொழிலாளி அதற்கு உட்பட வேண்டும். அரைமாதத் தொகை பெறுபவரும் அவ்வப்போது உட்பட வேண்டும். மறுத்தால் உரிமை நிறுத்திவைக்கப்படும். முதல் பரிசோதனைக்குரிய காலம் முடியும் முன்பே, பரிசோதிக்கப்படாமல், தன் விருப்பத்தின் பேரில் வேலையிடத்தின் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போய்விட்டால், திரும்பி வந்து பரிசோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கும் வரை உரிமை நின்றுபோகும். அந்த இடைக்காலத்துக்குப் பணமும் கிடையாது.

வேலையை விடலாம், இடத்தை விடக் கூடாது. சட்டம் செய்த வேறுபாடு இதுதான்.

இதன் நியாயத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. காயத்தைப் பார்க்காமல் காயத்துக்குப் பணம் தரச் சொல்வது முறையல்ல. விதிகளும் ஓரளவு கட்டுப்பாட்டோடுதான் எழுதப்பட்டன. அரைமாதத் தொகை பெறுபவரை அவர் தங்கியிருக்கும் இடத்துக்கு வெளியே அழைத்துப் பரிசோதிப்பது முதல் மாதத்தில் இருமுறைக்கும், பிறகு மாதத்துக்கு ஒருமுறைக்கும் மேற்படக் கூடாது என்று 1924ஆம் ஆண்டின் விதிகள் வரம்பிட்டன. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இந்தியத் தொழிலாளிக்கு வேலையிடமும் ஊரும் ஒன்றாக இருந்ததில்லை.

பம்பாய் ஆலைகளில் நின்றவர்களில் பெரும்பகுதியினர் கொங்கணத்திலிருந்து, சிறப்பாக ரத்னகிரி மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் சந்தால் மக்களும் சுற்றுப்புறக் கிராமத்தாரும். கோலார் தங்கவயலில் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன, பெரும்பாலும் ஆதிதிராவிடரான தமிழ், தெலுங்குத் தொழிலாளர். (கோலார் மைசூர் அரசுக்குட்பட்டதால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் அங்கு நேரடியாகச் செல்லவில்லை, ஆனால் வாழ்க்கையின் அமைப்பு அதுவேதான்.) கை முறிந்தவர் நகரத்தில் இருபத்தாறு நாள் எதைத் தின்பது? பம்பாயில் கூலியே மாதம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கைக்கு வந்தது. அறை வாடகையும் மளிகைக் கடனும் காத்திருக்கா. மனைவியோ தாயோ இருக்கும் கிராமத்துக்குப் போனால் கஞ்சியாவது உண்டு. எலும்பு கட்டும் வைத்தியர் உண்டு. ஆகவே அவர் போனார். சட்டத்தின் பார்வையில் அது ‘தன் விருப்பத்தின் பேரில்’.

1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த அரச தொழிலாளர் ஆணையம் இந்த ஊர்த் தொடர்பைக் குறையாகக் காணவில்லை. விட்லி தலைமையிலான அந்த ஆணையத்தில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியும் என். எம். ஜோஷியும் உறுப்பினர்கள். கிராமத்தோடுள்ள பிணைப்பு தொழிலாளிக்கு ஒரு சொத்து, அதை அறுக்காமல் ஒழுங்குபடுத்துவதே நலம் என்பது அவர்கள் முடிவு. அதே பிணைப்பை 11ஆவது பிரிவு ஐயத்தோடு பார்த்தது. ஓர் அரசு தொழிலாளியின் ஊரை ஒரே நேரத்தில் அவருடைய காப்பீடாகவும் தப்பியோடும் இடமாகவும் கருதியது என்பதில் முரண் ஏதும் அன்றைக்கு யாருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இத்தனைக்கும் 1925ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்றை இந்தியா 1927இல் ஏற்றிருந்தது. விபத்து இழப்பீட்டில் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் உள்நாட்டாருக்கும் சம உரிமை, அதுவும் இருப்பிட நிபந்தனை எதுவுமின்றி, என்பது அதன் சாரம். கடல் கடந்து பணம் அனுப்புவதற்கு விதிகள் உருவாயின. ரத்னகிரிக்குப் போனவர் மட்டும் திரும்பி வந்து பரிசோதனைக்கு நிற்க வேண்டும்.

ஆணையத்தின் பரிந்துரையை ஒட்டி 1933இல் திருத்தம் வந்தது. காத்திருப்புக் காலம் பத்து நாளிலிருந்து ஏழாகக் குறைந்தது (1959இல் மூன்றாயிற்று). தேயிலை, காப்பி, ரப்பர்த் தோட்டங்களும் சட்டத்துக்குள் வந்தன. தோட்டங்கள் உள்ளே வந்ததும் ‘வேலையை விடலாம், இடத்தை விடக் கூடாது’ என்ற வேறுபாடு நடைமுறையில் தகர்ந்தது. காரணம் லயன் வீடு. தோட்டத்தில் குடியிருப்பு என்பது வேலையின் நிழல். பேரேட்டில் பெயர் இருக்கும் வரை லயனில் அறை. பெயர் அடிக்கப்பட்டால் அறை போயிற்று. சுரங்கக் குடியிருப்புகளிலும் அதே கதை. வேலையை விட்டவர் வீட்டை விட்டவர். வீட்டை விட்டவர் சுற்றுவட்டாரத்தை விட்டவர். தோட்ட எல்லைக்கு வெளியே வாடகைக்கு இருக்க அங்கே ஊர் ஏது? சட்டப் புத்தகத்தில் இரண்டாக நின்ற செயல்கள் மலையில் ஒன்றாயின. சொந்தக் கைகளால் காயம்பட்டவரைத் துரத்த வேண்டிய தேவைகூட நிர்வாகத்துக்கு இருக்கவில்லை.

ஊருக்குப் போகிறவருக்குச் சட்டம் திறந்து வைத்த நேர்மையான கதவு 7ஆவது பிரிவு. அரைமாதத் தவணைகளை இரு தரப்பும் ஒப்பினால் ஒரே தொகையாக மாற்றிக்கொள்ளலாம். ஒப்பாவிட்டால், ஆறு மாதம் தவணை நடந்த பிறகு யாரேனும் ஒருவர் ஆணையரிடம் விண்ணப்பிக்கலாம். மொத்தத் தொகை வாங்கியவரைப் பிறகு எந்த மருத்துவரும் தேடி வர மாட்டார். ஆனால் பேரம் என்பது பசித்தவருக்கும் பசிக்காதவருக்கும் இடையில் நடப்பது. இதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தேயிருந்தார்கள். அதனால்தான் மொத்தத் தொகைக்கான உடன்பாட்டை ஆணையரிடம் பதிய வேண்டும் என்றும், தொகை போதாது என்றோ ஏமாற்றிப் பெறப்பட்டது என்றோ கண்டால் பதிய மறுக்கலாம் என்றும் 28ஆவது பிரிவில் எழுதினார்கள். உயிரிழப்புக்கான தொகையையும் பெண்களுக்குரிய மொத்தத் தொகையையும் முதலாளி நேரே கொடுக்கவே கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும் என்பது 8ஆவது பிரிவு. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணைச் சிறுவரோடு ஒரே வரியில் நிறுத்திய பிரிவு இது. எனினும் கணவரை இழந்தவரிடம் நூறு ரூபாய் தந்து ஆயிரம் ரூபாய்க்குக் கைநாட்டு வாங்கும் வழியை அது அடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே தமிழ் வழக்கைப் பற்றி ஒரு சொல். ‘வேலையை விட்டு நின்றுவிட்டான்’ என்கிறோம். நிற்றல் தன்வினை, நிறுத்துதல் பிறவினை. நின்றவர் தானாக நின்றவர். நிறுத்தப்பட்டவரைப் பிறர் நிறுத்தினார். இலக்கணத்தில் ஐயமே இல்லாத இந்த எல்லை, காயமுற்ற தொழிலாளியின் வாழ்வில் புகைமூட்டமாகிறது. பழைய வேலையைச் செய்யக் கை ஒத்துழைக்கவில்லை. இலகுவான வேலை இல்லை என்கிறார்கள். வீட்டுக்குப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. ஒரு திங்கட்கிழமை முதல் அவர் போகவில்லை. அவர் நின்றாரா, நிறுத்தப்பட்டாரா?

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டின் மீது நிறையக் கட்டியிருக்கிறது. 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், முதலாளியால் வேலை முடிக்கப்பட்டவருக்கு இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் பாக்கிக் கூலியைத் தரச் சொன்னது. தானாக விலகியவர் அந்த வாக்கியத்தில் இல்லை. விலகினவரும் அந்தச் சலுகைக்குள் வர 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்புக்கான இழப்பீடு உண்டு. ஆனால் விருப்ப ஓய்வும் ஆட்குறைப்பன்று, தொடர்ந்த உடல்நலக் குறைவால் வேலையை முடிப்பதும் ஆட்குறைப்பன்று. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமோ சற்றுக் கருணையானது. விலகினவருக்கு ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும்; இறப்போ இயலாமையோ காரணமென்றால் அந்த ஐந்தாண்டு தேவையில்லை. நான்காம் ஆண்டில் கையிழந்து வெளியேறும் ஒருவரின் கடிதத்தில் ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதுவதா, ‘விபத்தால் ஏற்பட்ட இயலாமையால்’ என்று எழுதுவதா என்பதில் அவருடைய பணிக்கொடை முழுவதும் அடங்கியிருக்கிறது. அந்தக் கடிதத்தின் வாசகத்தைப் பெரும்பாலும் தொழிலாளி எழுதுவதில்லை. அலுவலகம் தட்டச்சு செய்து நீட்டுவதில் கையெழுத்து மட்டும் அவருடையது.

விடுதலைக்குப் பின் பணம் தரும் கை மாறியது. பி. பி. அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழியில் 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் தொடங்கியது. இதன் முக்கியத்துவம் மருத்துவமனைகளில் மட்டும் இல்லை. தருபவர் முதலாளி அல்லர், கழகம். ஆகவே வேலைக்கும் தொகைக்கும் இடையிலிருந்த கடைசிக் கயிறும் அறுந்தது. நிரந்தர இயலாமைக்கான தொகை வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் வரும். வேலையில் இருந்தாலும் விட்டாலும் வரும். விபத்து வேலையின் முதல் நாளே நிகழ்ந்திருந்தாலும் வரும். நிரந்தர இயலாமையால் வேலையை இழந்தவர் மாதம் பத்து ரூபாய் கட்டினால் ஓய்வு வயது வரை மருத்துவ வசதியும் தொடரும். தற்காலிக இயலாமைத் தொகை பெறும் காலத்தில் ஒருவரை வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ கூடாது; அக்காலத்தில் தந்த பணிநீக்க அறிவிப்பு செல்லாது என்கிறது 73ஆவது பிரிவு. 1859ஐ நினைத்துப் பார்த்தால் இது தலைகீழ் மாற்றம். அன்று தொழிலாளி போக முடியாது. இன்று முதலாளி அனுப்ப முடியாது.

ஆனால் 73ஆவது பிரிவு நிறுத்தப்படுவதிலிருந்துதான் காக்கிறது, நிற்பதிலிருந்து அன்று. விலகல் கடிதம் வந்துவிட்டால் அந்தப் பிரிவுக்கு அங்கே வேலையில்லை. கழகத்திடமிருந்து தொகை தொடரும் என்பது உண்மை. கை தேறிய பிறகு திரும்பிப் போக இடம் இராது என்பதும் உண்மை. அரசு நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஒரு படி மேலான காவலைத் தந்தது. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியானவரை நீக்கக் கூடாது, பதவியிறக்கவும் கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்தது. தனியார் ஆலையின் தொழிலாளிக்கு அந்தக் காவல் இன்றுவரை இல்லை. மேலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 64ஆவது பிரிவில் ஒரு பழைய குரல் கேட்கிறது: தொகை பெறுபவர் சிகிச்சை பெறும் பகுதியை விட்டு மருத்துவ அலுவலரின் அனுமதியின்றிப் போகக் கூடாது. முதலாளி போனார், துரை போனார், சுற்றுவட்டாரம் போகவில்லை.

இதுவரை பேசியது விபத்தைப் பற்றி. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு; அன்று வேலையில் இருந்ததைக் காட்டலாம். தொழில்நோய்க்கு அது இல்லை. 1923ஆம் ஆண்டின் பட்டியலில் ஆந்த்ராக்ஸ், ஈயநஞ்சு, பாஸ்பரஸ் நஞ்சு என்று மூன்றே நோய்கள். இந்தியாவில் சிலிக்கோசிஸ், அதாவது கல்தூசு நுரையீரலை இறுகச் செய்யும் நோய், 1934இல் கோலார் தங்கவயலில் முதலில் பதிவானது. அந்நோய் பொதுவாகப் பத்தாண்டுக்கும் மேல் உள்ளுக்குள் வளரும். தூசு மிகக் கடுமையாக இருந்தால் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ வெளிப்படும். இருமல் வரும்போது பலர் சுரங்கத்தை விட்டு ஊரில் இருப்பார்கள். வேலையை விட்ட பின் வரும் நோய்க்கு வேலை பொறுப்பா? இழப்பீட்டுச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பின்னாளில் இதற்கு ஒரு விடை தந்தது. வேலையை விட்ட இரண்டு ஆண்டுக்குள் அந்த வேலைக்கே உரிய நோயின் அறிகுறி தோன்றினால், அறிகுறி கண்ட நாளையே விபத்து நாளாகக் கொள்ளலாம். வேலையை விட்டவரை நேராகப் பெயர் சுட்டி ஏற்றுக்கொண்ட பிரிவு இது. ஆனால் பத்தாண்டு மறைந்திருக்கும் நோய்க்கு இரண்டு ஆண்டு என்ற வரம்பு எந்த மருத்துவ அறிவிலிருந்து வந்தது என்று வியக்கத் தோன்றுகிறது. அதோடு குறிப்பிட்ட காலம் தொடர்ச்சியாக அவ்வேலையில் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு.

‘தொடர்ச்சி’ என்ற அந்தச் சொல் யாரை வெளியே தள்ளுகிறது என்பதை குஜராத்தின் கோத்ராப் பகுதிக் குவார்ட்ஸ் அரைவை ஆலைகள் காட்டின. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, அலிராஜ்பூர் மாவட்டங்களிலிருந்து பழங்குடி மக்கள் மழை பொய்த்த காலங்களில் அங்கே போனார்கள். சில மாதம் வேலை. பிறகு விதைப்புக்கு ஊர். மீண்டும் சில மாதம். மூச்சு வாங்கத் தொடங்கியதும் ஊரோடு நின்றுவிட்டார்கள். நின்றவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். அந்த ஆலையில் வேலை செய்ததற்கான எழுத்துச் சான்று இல்லாதவர்களே மிகுதி. இழப்பீட்டு ஆணையரின் நீதிமன்றத்தில் முதலாளி–தொழிலாளி உறவை மெய்ப்பிக்க அவர்களிடம் நுரையீரல் மட்டுமே இருந்தது. 2010இல் தேசிய மனித உரிமை ஆணையம், இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் ரூபாய் தருமாறு குஜராத் அரசுக்குப் பரிந்துரைத்தது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைக் கொடுக்கச் சொல்லி ஆணையிட்டது. பணம் மாநிலக் கருவூலத்திலிருந்து. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கிலே பார்த்தால் இது இழப்பீடே அன்று. முதலாளி என்ற சொல் அந்தக் கொடுக்கல் வாங்கலில் எங்கும் வரவில்லை.

2009ஆம் ஆண்டுத் திருத்தம் ‘தொழிலாளி’யை ‘பணியாளர்’ ஆக்கிச் சட்டத்தின் பெயரையே மாற்றியது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதையும் தன்னுள் இழுத்துக்கொண்டு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே நிகழும் விபத்தையும் உரிமைக்குள் சேர்த்திருக்கிறது. மருத்துவப் பரிசோதனைக்கு முன் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போனவரின் உரிமையை நிறுத்திவைக்கும் வாசகம் அத்தொகுப்பிலும் இடம்பெற்றிருக்கிறது, 84ஆவது பிரிவாக.